மண் இல்லாத பயிரும் மறக்கக் கூடாத கணக்கும்

மண்ணே இல்லாமல் தக்காளியும் கீரையும் விளைவிக்கும் 'ஹைட்ரோபோனிக்ஸ்' முறையைப் பற்றி நமது சங்க அன்பர்கள் பலர் சமீப காலமாக என்னிடம் விசாரிக்கிறார்கள். "சார், நீங்கள் இன்ஜினீயர் ஆயிற்றே, இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்கிறார்கள் சிலர். "ஐந்து லட்சம் போட்டால் மாதா மாதம் வருமானம் என்று ஒரு கம்பெனிக்காரர் சொல்கிறார், போடலாமா?" என்கிறார்கள் வேறு சிலர். முதல் கேள்விக்கு விஞ்ஞானம் பதில் சொல்லும். இரண்டாவதற்குக் கணக்குதான் பதில் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த கிராஜுவிட்டி பணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இரண்டையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய வித்தைதான்

இது புதிதாக வந்த அதிசயம் அல்ல. செடிக்குத் தேவையானது மண் அல்ல, மண்ணிலுள்ள உப்புகளே என்பதை 1860களிலேயே சாக்ஸ், நோப் என்ற ஜெர்மன் விஞ்ஞானிகள் நீரில் செடி வளர்த்துக் காட்டினார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கெரிக் என்பவர் இதைப் பயிர்த்தொழிலாக்க முயன்றார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் 1937இல் அவர் மூலம் வழக்கத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945இல், அட்லாண்டிக் நடுவே எரிமலைப் பாறையாகக் கிடக்கும் அசென்ஷன் தீவில் அமெரிக்க ராணுவம் இம்முறையில் காய்கறி பயிரிட்டது.

வங்காளத்தில் வாழும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1946இல் அன்றைய டார்ஜிலிங் மாவட்டத்துக் கலிம்போங்கில், ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு சோதனைப் பண்ணையில் இதையே எளிமைப்படுத்தினார். விலை உயர்ந்த பம்பும் குழாயும் இல்லாமல், தொட்டியில் சரளைக்கல்லையும் உடைத்த செங்கல்லையும் நிரப்பி, உர உப்புகளைத் தூவித் தண்ணீர் ஊற்றுவதுதான் அவர் வழி. உலகம் இன்றும் அதை 'வங்காள முறை' என்றே அழைக்கிறது.

உப்பின் குணம்

நான் பணியில் சேர்ந்த காலத்தில் நீராவி இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. லோகோ ஷெட்டில் எங்களுக்குப் பெரிய தலைவலி தண்ணீர்தான். கடின நீரைப் பாய்லரில் விட்டால் சுண்ணாம்பு படிந்து 'ஸ்கேல்' கட்டிவிடும். ஹைட்ரோபோனிக்ஸிலும் அதே உப்பு, அதே குணம். கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட், சல்பேட் உப்புகளோடு அடர்த்தியாகக் கலந்தால் அடியில் படிந்து செடிக்குப் பயனில்லாமல் போகும். ஆகவே அவற்றை இரண்டு தொட்டிகளில் பிரித்து வைத்து, நீர்த்த பிறகே சேர்க்கிறார்கள். கரைசலின் அமிலத்தன்மை பி.எச். 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்க வேண்டும். மண் நம் தவறுகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் பொறுக்காது. மெல்லிய நீரோட்டத்தில் வேர் நிற்கும் அமைப்பில், வெயில் காலத்தில் சில மணி நேரம் பம்பு நின்றாலே பயிர் வாடிவிடும். ஜெனரேட்டர் இல்லாத பண்ணையைப் பிரேக் இல்லாத வண்டி என்றே நான் கருதுவேன்.

எங்கே கட்டுபடியாகும்?

அண்டார்க்டிகாவின் நாய்மாயர் நிலையத்தில் 2018இல் ஜெர்மானியர்கள் ஒரு கன்டெய்னர் தோட்டம் அமைத்தனர். வெளியே மைனஸ் நாற்பது டிகிரிக் குளிர். உள்ளே சுமார் 13 சதுர மீட்டரில் ஒன்பதரை மாதத்தில் 268 கிலோ காய்கறி விளைந்தது. பனிக்காலத்தில் கப்பலே வராத இடத்தில் ஒரு வெள்ளரிக்காய்க்கு யார் விலை பார்ப்பார்கள்?

ஆஸ்திரேலியாவில் போர்ட் அகஸ்டா என்ற வறண்ட ஊரில் சன்டிராப் நிறுவனம் 2016இல் 20 ஹெக்டேர் கண்ணாடிப் பண்ணையைத் திறந்தது. கடல்நீரை எடுத்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகளால் சூரிய வெப்பத்தைக் குவித்து, அதில் நன்னீராக்கித் தக்காளி வளர்த்தனர். ஆனால் தக்காளியை வாங்கிக்கொள்ள 'கோல்ஸ்' கடைகளோடு பத்தாண்டு ஒப்பந்தம் முன்கூட்டியே கையில் இருந்தது. இதைக் கவனியுங்கள்.

நம் நாட்டு லேயில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் பள்ளம் தோண்டி மேலே பாலிதீன் மூடும் எளிய பசுமைக் குடிலைப் பரப்பினார்கள். அங்கே மண்தான், வெயில்தான். கடுமையான இடம் என்றாலே விலை உயர்ந்த இயந்திரம் வேண்டும் என்பதில்லை என்பதற்கு அதுவே சான்று.

கணக்கு

அமெரிக்காவின் அரிசோனாவில் லெட்யூஸ் கீரையை வைத்து ஆய்வாளர்கள் 2015இல் ஓர் ஒப்பீடு வெளியிட்டனர். ஒரு கிலோவுக்கு வயலில் 250 லிட்டர் தண்ணீர், ஹைட்ரோபோனிக்ஸில் 20 லிட்டர். விளைச்சலோ பத்து மடங்கு. கேட்கவே மகிழ்ச்சி! ஆனால் அதே ஆய்வின் மறுபக்கம்: வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் குடிலில் ஒரு கிலோவுக்கு 90,000 கிலோ ஜூல் சக்தி செலவு. நம் மின்சாரக் கணக்கில் 25 யூனிட். வயலில் மூன்றில் ஒரு யூனிட்கூட இல்லை. யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் கரண்டுக்கு மட்டும் கிலோவுக்கு 200 ரூபாய்! லேக் மார்க்கெட்டில் கீரை அந்த விலைக்கு விற்றால் நம் வீட்டுப் பெண்மணிகள் சும்மா விடுவார்களா?

குளிரூட்டாத வலைக்குடிலில் செலவு வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் அப்போது அது வெளி வெயிலுக்கு அடங்கித்தான் நடக்கும். எந்தக் காலநிலையிலும் விளையும் என்ற வாக்குறுதி அங்கே செல்லாது.

பெரிய முதலீட்டோடு இறங்கியவர்களும் தப்பவில்லை. அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனிலும், ஆப்ஹார்வெஸ்ட் அடுத்த மாதத்திலும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் சென்றன. 2024 நவம்பரில் பௌவரி மூடப்பட்டது. மண்ணும் லாரியும் எட்டும் சந்தையில் சாதாரண விவசாயியோடு விலையில் மோதுவது அவ்வளவு கடினம்.

ஆகவே உங்களிடம் யாராவது இத்திட்டத்தோடு வந்தால் நான்கே கேள்விகள் கேளுங்கள். கிலோவுக்கு எத்தனை யூனிட்? கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? விளைச்சலை வாங்குபவர் யார், ஒப்பந்தம் எங்கே? ஓராண்டுக்கு மேல் ஓடும் பண்ணையைக் காட்டுவாரா? பயிர்த்தொழிலில் மாதா மாதம் நிச்சய வருமானம் தர எவராலும் முடியாது. அப்படி வாக்களிப்பவரிடம் உங்கள் பாஸ்புக்கைக் காட்டாதீர்கள்.

அதே சமயம் இந்த வித்தையை வெறுக்கவும் வேண்டாம். ஃபிளாட் பால்கனியில் ஒரு பழைய தொட்டி, அடியில் துவாரம், நிறைய செங்கல் ஜல்லி, நூறு இருநூறு ரூபாய்க்கு உரக்கலவை. இவ்வளவு போதும், கலிம்போங் வழியில் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் வளர்த்துப் பார்க்கலாம். கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளை இதில் ஈடுபடுத்துங்கள். தண்ணீரும் உப்பும் சேர்ந்து பச்சை இலையாவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். கீரை பிழைத்தால் ரசத்துக்கு ஆயிற்று, பிழைக்காவிட்டால் நஷ்டம் இருநூறு ரூபாய்தான்.