பிள்ளை பேசவில்லையா? காத்திருக்க வேண்டாம்

பிள்ளைக்கு இரண்டு வயது ஆகிறது. இன்னும் "அம்மா" என்று சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான். தானா வரும், பொறு" என்பார்கள். சிலர் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்வார்கள். சிலர் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். நேர்ந்துகொள்வது அவரவர் நம்பிக்கை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஓராண்டு, ஈராண்டு ஓடிவிடும். நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு ஆட்டிசம் இருக்கலாம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் ஒரு நோய் அல்ல. தொற்றாது. இது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. இந்தக் குழந்தைகளுக்குப் பேசுவதும் பிறரோடு பழகுவதும் கடினம். சிலர் கொஞ்சமும் பேச மாட்டார்கள். சிலர் கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சிலர் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் பழகத் தெரியாது. ஒருவர் போல இன்னொருவர் இருப்பதில்லை.

அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ஆம் ஆண்டில் இப்படிப்பட்ட 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறகு பல ஆண்டுகள், "தாய் பாசம் காட்டாததால்தான் இப்படி" என்று பழி சொன்னார்கள். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. தாயின் மீது குற்றம் இல்லை. தடுப்பூசியாலும் இது வருவதில்லை.

மைசூரில் பல வீடுகளில் தமிழ் பேசுகிறார்கள். தெருவில் கன்னடம் பேசுகிறார்கள். "இரண்டு மொழியால் பிள்ளை குழம்பிவிட்டதோ?" என்று சிலர் பயப்படுகிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது. தாய் தனக்கு நன்றாக வரும் மொழியிலேயே பிள்ளையோடு பேசலாம்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் திரும்பவில்லை.
வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டவில்லை.
ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை.
இரண்டு வயதாகியும் "பால் கொடு" என்பது போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை.
வந்த பேச்சு நின்றுவிட்டது.
வண்டிச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது.
குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவு செய்யக் கூடாது. ஆனால் உடனே காட்ட வேண்டும்.

எங்கே போவது?

மைசூரில் மானசகங்கோத்ரி என்ற இடம் இருக்கிறது. அங்கே அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் உள்ளது. இது மத்திய அரசின் சுகாதார அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. ஊரார் இதைச் சுருக்கமாக "ஐஷ்" என்கிறார்கள். கன்னடத்தில் "வாக் ஷ்ரவண சம்ஸ்தே" என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். ஊட்டி, கூடலூர், சத்தியமங்கலம் பக்கத்துக்காரர்களுக்கும் மைசூர் போய்வரக்கூடிய ஊர்தான்.

அங்கே முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். ஏன் தெரியுமா? காது கேட்காத குழந்தையும் கூப்பிட்டால் திரும்பாது. அது வேறு, ஆட்டிசம் வேறு. பிறகு பேச்சையும் பழகும் விதத்தையும் பார்ப்பார்கள். பிள்ளையின் பிறப்பு, வளர்ப்பு பற்றித் தாய் தகப்பனிடம் கேட்பார்கள். தேவைக்கு ஏற்பப் பயிற்சி சொல்வார்கள். தூரத்திலிருந்து வருபவர்கள், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மைசூர் போக முடியாதவர்கள் அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லலாம். 2013 முதல் நாடு முழுவதும் குழந்தைகள் உடல்நலத் திட்டம் ஒன்று நடக்கிறது. அதன்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைப் பார்க்கும். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும்.

பயிற்சி என்ன செய்யும்?

ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. "ஊசி போட்டால் சரியாகும்" என்று யாராவது லட்சக்கணக்கில் பணம் கேட்டால் ஏமாறக் கூடாது. ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் கூறியது.

பயிற்சிதான் உதவும். பேச்சுப் பயிற்சி உண்டு. தானே உண்ண, உடுத்த, பொருளைப் பிடிக்கக் கற்றுத்தரும் பயிற்சி உண்டு. பழகக் கற்றுத்தரும் சிறப்பு ஆசிரியர்கள் உண்டு.

ஆனால் பயிற்சி மையத்தில் பிள்ளை இருப்பது சில மணி நேரம். மீதி நேரம் வீட்டில்தான். ஆகவே தாயும் தகப்பனும் பாட்டியும் ஆசிரியர்களே. தண்ணீர் டம்ளரைப் பிள்ளைக்குத் தெரியும்படி, எட்டாத இடத்தில் வைக்கலாம். பிள்ளை அதைப் பார்த்தாலோ கை நீட்டினாலோ, "தண்ணி" என்று சொல்லி உடனே கொடுக்கலாம். நாள்தோறும் இப்படிச் செய்தால், கேட்டால் கிடைக்கும் என்று பிள்ளைக்குப் புரியும். பேச்சு வராத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்கப் பழக்கலாம். படம் காட்டுவதால் பேச்சு நின்றுவிடாது. அடிப்பதாலும் மிரட்டுவதாலும் பேச்சு வராது.

சட்டம் தரும் உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. ஆட்டிசமும் அதில் ஒன்று. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு.

அரசு மருத்துவமனையில் சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்க வேண்டும். "நிராமயா" என்ற காப்பீட்டுத் திட்டம் உள்ளது. அதில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவி உண்டு. பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். கர்நாடகக் கிராமங்களில் இருப்பவர்கள், பஞ்சாயத்தில் உள்ள மறுவாழ்வுப் பணியாளரிடம் விவரம் கேட்கலாம். தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

"எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்பது தாயின் பெரிய கவலை. இதற்கும் வழி உண்டு. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, 18 வயதுக்குப் பிறகு தேவைப்பட்டால் சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியரின் கீழ் உள்ள குழுவிடம் மனுச் செய்ய வேண்டும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்து வைக்க வேண்டாம். கடைக்கும் திருவிழாவுக்கும் கூட்டிப் போகலாம். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்க்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகினால் அதுவே பெரிய உதவி.