பிசிக்ஸ் படிச்சவன் எங்கே போவான்?

தச்சநல்லூரில் ஒரு பையன் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு, ‘மேற்கொண்டு ஆராய்ச்சி பண்ணப் போறேன்’ என்று வாயைத் திறந்தால் போதும். தெருவில் நாலு அண்ணாச்சிமார் கூடிவிடுவார்கள்.

“ஆராய்ச்சியா? அதுல என்னலே கெடைக்கும்?”

“அஞ்சாறு வருஷம் ஆவுமாமே! அதுக்குப் பேங்க் பரீட்சை எழுதலாம்லா?”

“எதை ஆராயப் போறான்னு கேளுங்க அண்ணாச்சி!”

பையன் பாவம், “கண்டென்ஸ்டு மேட்டர் பிசிக்ஸ்” என்பான். அதோடு கூட்டம் கலைந்துவிடும். புரிந்து அல்ல, பயந்து!

ஆனால் அண்ணாச்சிமார் கேட்டதில் தப்பே இல்லை. இருபத்திரண்டு வயசில் ஒரு லேபுக்குள் நுழைகிறவன் இருபத்தெட்டு வயசில் வெளியே வந்து என்ன ஆவான்? வீட்டில் தங்கச்சி கல்யாணம், அப்பாவின் ரிடையர்மென்ட் எல்லாம் வரிசையில் நிற்கிறபோது இது சாதாரணக் கேள்வியா? பதில் சொல்ல ஜோசியர் வேண்டாம். இந்தியாவின் மிகப் பிரபலமான பிசிக்ஸ் லேபுக்குள் போனவர்கள் எந்தெந்த வாசல் வழியாக வெளியே வந்தார்கள் என்று பார்த்தாலே போதும்.

அல்வா திடமா, திரவமா?

முதலில் அந்தப் பயமுறுத்தும் பெயர். ஒரு அணு தனியாக இருந்தால் அதன் குணம் ஒன்று. கோடானுகோடி அணுக்கள் நெருக்கியடித்து நின்றால் குணமே வேறு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் மாட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தனி ஆள் நினைத்த பக்கம் திரும்பலாம். கூட்டத்தின் நடுவில் நிற்பவர், கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போக முடியும்! இரும்பு காந்தமாவது, செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடுவது, கண்ணாடியில் ஓடாமல் மக்கர் பண்ணுவது எல்லாமே இந்தக் கூட்டத்தின் குணம்தான்.

முன்பெல்லாம் ‘சாலிட் ஸ்டேட் பிசிக்ஸ்’ என்றார்கள். பிறகு திரவம், கூழ், பிசின் என்று சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்ததால் பெயர் பெரிசாகிவிட்டது. நம் அல்வாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்தால் நிற்கிறது. வாயில் போட்டால் நழுவுகிறது. திடமா, திரவமா? இந்த மாதிரி ரெண்டுங்கெட்டான் பொருள்களின் கணக்கைப் பிடித்ததற்காகத்தான் 1991-ல் பிரான்ஸ் நாட்டின் டி ஜென் நோபல் பரிசு வாங்கினார். அவர் ஆராய்ந்தது திரவப் படிகம், பாலிமர். அல்வா கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கணக்கு ஆபீசர் தொடங்கிய கூட்டம்

ஆபீஸ் போகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். சி.வி.ராமன் வேலையைத் தொடங்கியது பேராசிரியராக அல்ல. மத்திய அரசின் நிதித்துறையில் கணக்கு அதிகாரியாக! 1907-ல் கல்கத்தாவில் போஸ்டிங். பௌபஜார் தெருவில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் ஆரம்பித்த அறிவியல் சங்கம் ஒன்று, ஆளில்லாமல் கிடந்தது. விடிகாலையில் அங்கே ஆராய்ச்சி, பகலில் ஆபீஸ் ஃபைல், சாயங்காலம் மறுபடி ஆராய்ச்சி. இடையில் ரங்கூன், நாகபுரி என்று கொஞ்ச நாள் டிரான்ஸ்ஃபர் போக, பத்து வருஷம் இப்படியே ஓடியது. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் கூப்பிட்டபோது, ஏறத்தாழப் பாதிச் சம்பளத்துக்கு அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்!

அந்த லேபில் அவருக்கு வாய்த்த முதல் ஆள் ஆஷுதோஷ் டே. எல்லோருக்கும் ஆஷு பாபு. கல்லூரிப் படியே ஏறாதவர். லேபின் கதவைத் திறந்துவிடுவார், கருவியைத் துடைப்பார், பழுது பார்ப்பார். ராமன் அவரையும் சோதனை செய்ய வைத்தார். லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஆஷு பாபு பெயரை மட்டும் தாங்கி ஒரு கட்டுரையே வெளிவந்தது. ஒரு ஆராய்ச்சிக் குழு நல்ல குழுவா, இல்லையா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

நம்ம பக்கத்து ஆள்

அந்த லேபில் நம் வட்டாரத்துக்காரர் ஒருவரும் இருந்தார். சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் வத்திராயிருப்பு. அங்கே 1898 டிசம்பர் 4-ல் பிறந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் என்கிற கே.எஸ்.கிருஷ்ணன். இன்றைக்கு அது விருதுநகர் மாவட்டம். ஆனால் 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும்வரை அந்தப் பகுதி திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. ஆகவே உரிமை கொண்டாடிக்கொள்ளலாம், யாரும் கேட்க முடியாது!

மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்துவக் கல்லூரி என்று படித்து முடித்து, கிறிஸ்துவக் கல்லூரியிலேயே டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார். அதுவும் கெமிஸ்ட்ரியில். நிம்மதியான வேலை. அதை விட்டுவிட்டு 1920-ல் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். 1923-ல் ராமனின் குழுவில் சேர்ந்தார்.

1928 பிப்ரவரியில் இருவரும் ராப்பகலாக, விதவிதமான திரவங்களில் சூரிய ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். திரவத்தில் பட்டுச் சிதறிய ஒளியில் ஒரு துளி, நிறம் மாறி வெளியே வந்தது. அதுதான் ராமன் விளைவு. மார்ச் 31 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் வந்த கடிதத்தில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. 1930-ல் வந்த நோபல் பரிசில் ஒரு பெயர்தான் இருந்தது.

இது நியாயமா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. ராமன் தம் நோபல் உரையில் கிருஷ்ணன் பெயரைச் சொன்னார் என்பதும் உண்மை. மெடல் ஒருவருக்குத்தான் என்பதும் உண்மை. நமக்கு வேண்டியது அடுத்த கேள்வி: கிருஷ்ணன் என்ன செய்தார்?

மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தவில்லை. 1928 கடைசியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போய்விட்டார். அங்கே தமக்கென்று ஒரு பாதை போட்டார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னப் படிகத்தைத் தொங்கவிடுவார். காந்தத்துக்கு நடுவே அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளப்பார். தேக்குப் பலகையை நார் ஓடுகிற பக்கம் பிளப்பது சுலபம், குறுக்கே பிளப்பது கஷ்டம் அல்லவா? படிகத்துக்குள்ளும் அப்படித் திசைக்குத் திசை காந்த குணம் மாறும். அந்த முறுக்கை அளந்தே உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று சொன்னார். ஒரு இழை, ஒரு படிகம், ஒரு காந்தம். அவ்வளவுதான் முதலீடு!

1940-ல் ராயல் சொசைட்டி ஃபெலோ. 1946-ல் ‘சர்’ பட்டம். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டர். பாதிக் கடிதத்தோடு நின்றுவிடாத வாழ்க்கை.

மற்றவர்கள் எங்கே போனார்கள்?

பாலக்காட்டுக்காரர் கே.ஆர்.ராமநாதன், 1923-லேயே ராமன் விளைவின் வாலைப் பார்த்துவிட்டவர். ‘திரவத்தில் ஏதோ அழுக்கு மினுங்குகிறது’ என்று அப்போது நினைத்துக்கொண்டார்கள். ரங்கூனில் வாத்தியார் வேலை. லீவு விட்டால் கல்கத்தா லேப். பிறகு வானிலைத் துறைக்குப் போனார். 1948-ல் ஆமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் டைரக்டர் ஆனார்.

எல்.ஏ.ராமதாஸும் வானிலைத் துறைதான். காற்றடிக்காத தெளிந்த இரவில், மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இருப்பதில்லை, கொஞ்சம் மேலே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். முதலில் பலர் நம்பவில்லை! பயிருக்கும் பருவநிலைக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு நம் நாட்டில் அவரே முன்னோடி.

எஸ்.பகவந்தம், படிகங்களின் கணிதத்தில் கை தேர்ந்தவர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டராகி, பாதுகாப்பு அமைச்சரின் விஞ்ஞான ஆலோசகர் ஆனார்.

ஜி.என்.ராமச்சந்திரன் 1942-ல் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படிக்கப் பெங்களூர் போனவர். அப்போது அங்கே இருந்த ராமன் அவரை பிசிக்ஸுக்கு இழுத்துக்கொண்டார். வைரத்தை எக்ஸ்ரேயில் பார்த்துப் பழகிய கண், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் தோலையும் தசைநாரையும் பார்த்தது. நம் தோலுக்கும் எலும்புக்கும் வலுக் கொடுக்கிற கொலாஜன் என்னும் புரதம், மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1954-ல் உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான்.

வானிலை, விவசாயம், பாதுகாப்பு, உயிரியல்... பிசிக்ஸ் லேபில் நுழைந்தவர்கள் பிசிக்ஸ் பேராசிரியராகவேதான் ஆகணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கையும் கண்ணும் பழகிவிட்டால் வைரமும் ஒன்றுதான், மேகமும் ஒன்றுதான்.

கொஞ்சம் கசப்பும் உண்டு

அதே பெங்களூர் லேபில் 1940-ல் சேர்ந்தவர் அன்னா மணி. வைரத்திலும் மாணிக்கத்திலும் ஒளி எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார். ஒரு போட்டோத் தகட்டில் நிறமாலை பதிய பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். லேபிலேயே தூங்கி எழுந்து வேலை பார்த்தார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள். 1945-ல் ஆய்வேட்டையும் கொடுத்துவிட்டார். ‘எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையே’ என்று பல்கலைக்கழகம் பி.எச்டி. கொடுக்க மறுத்துவிட்டது!

அவர் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் படித்தார். 1948-ல் புனே வானிலை அலுவலகத்தில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். துணைத் தலைமை இயக்குநராக 1976-ல் ஓய்வு பெற்றார். பட்டம் கடைசி வரை வரவில்லை. அதற்காக அந்த அநியாயம் நியாயமாகிவிடாது.

வெளிநாட்டிலும் இதே கூத்துதான். 1947-ல் அமெரிக்காவின் பெல் லேபில் டிரான்சிஸ்டரைச் செய்தவர்கள் பார்டீனும் பிராட்டெய்னும். குழுத் தலைவர் ஷாக்லியோடு ஒத்துப்போகாமல் பார்டீன் 1951-ல் கிளம்பிவிட்டார். 1956-ல் மூவருக்கும் சேர்த்து நோபல். பார்டீன் போன இடத்தில் இரண்டு இளைஞர்களோடு சேர்ந்து சூப்பர் கண்டக்டர் புதிரை அவிழ்த்து, 1972-ல் இன்னொரு நோபலும் வாங்கினார். தனிக் கம்பெனி தொடங்கிய ஷாக்லியிடமிருந்து 1957-ல் எட்டுப் பேர் ஒரேயடியாக வெளியேறினார்கள். அதில் இரண்டு பேர் 1968-ல் ஆரம்பித்ததுதான் இன்டெல். பாஸ் சரியில்லை என்றால் நோபல் வாங்கினவரிடமும் ஆள் தங்காது!

இன்றைக்குக் கணக்கு என்ன?

சி.எஸ்.ஐ.ஆர். ‘நெட்’ தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால், 2023 ஜனவரியில் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்பவும் முடியும். மத்தபடி பொண்ணு பார்க்கப் போன இடத்தில், “மாப்பிள்ளை டாக்டராமே, ஊசி நல்லாப் போடுவாரா?” என்று கேட்டால் சிரித்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

ஆனால் ஒரு கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு பேராசிரியர் தம் காலத்தில் பத்துப் பேருக்கு பி.எச்டி. வாங்கிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அவர் ரிடையர் ஆனால் காலியாவது ஒரே ஒரு நாற்காலி! மற்ற ஒன்பது பேர் எங்கே போவார்கள்? வேறு துறைகளுக்குத்தான். அது தோல்வி இல்லை, கூட்டல் கழித்தல். ‘பேராசிரியர் ஆகலேன்னா வாழ்க்கை போச்சு’ என்று உள்ளே போகிறவன்தான் உடைகிறான்.

அந்த ஒன்பது பேருக்கும் நம் பக்கத்திலேயே வாசல்கள் உண்டு. மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதனை, கூடங்குளத்தில் அணுமின் நிலையம். சிற்பத்துக்குப் பேர் போன கிருஷ்ணாபுரத்தில், பூமியின் காந்தத்தையும் மேல்வானத்தையும் அளக்கிற மத்திய ஆய்வுக்கூடம் ஒன்று இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொஞ்சம் வடக்கே போனால் கல்பாக்கம்.

ஆகவே ஆராய்ச்சிக்குப் போகிற தம்பிகளே, தலைப்பைப் பார்த்து மயங்காதீர்கள். சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் அந்த லேபுக்குப் போங்கள். அங்கே இருக்கிற சீனியரை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். ‘அண்ணே, இங்கே முடிச்சவங்க இப்போ எங்கே இருக்காங்க? நம்ம வேலைக்கு நம்ம பேரு வருமா? மெஷின் ரிப்பேரானா நம்மளே திறந்து பார்க்க விடுவாங்களா?’

மூன்றுக்கும் பட்டென்று பதில் வந்தால் தைரியமாகச் சேருங்கள். ஒன்றுக்காவது சீனியர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தால், டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு அடுத்த லேபுக்கு பஸ் ஏறுங்கள்!