விளையாட்டைச் செய்த பையன்கள்

1980-க்குப் பிறகு சில ஆண்டுகள் இங்கிலாந்தில் ஒரு விசித்திரமான தொழில் நடந்தது. அதற்கு ஆலை கிடையாது, புகைபோக்கி கிடையாது, குமாஸ்தா கிடையாது. முதலாளிக்கு மீசைகூட முளைத்திராது. தொழிலாளியும் அவனே. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவான். தாயார் விளக்கை அணைக்கச் சொல்லுகிற வரையில் வேலை நடக்கும். செய்த சரக்கு என்ன? வீடியோ விளையாட்டு.

"விளையாட்டுச் சமாசாரத்துக்கு இவ்வளவு இடமா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். விளையாடுவது வேறு, விளையாட்டைச் செய்வது வேறு. பம்பரம் விடுகிற பையனுக்கும் பம்பரம் கடைகிற தச்சனுக்கும் உள்ள வித்தியாசம் அது. ஒரு தேசத்துப் பிள்ளைகள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது அற்ப விஷயமல்ல.

இந்தத் தொழில் வானத்திலிருந்து குதிக்கவில்லை. கம்ப்யூட்டர் என்றால் பெரிய கம்பெனிகளும் சர்க்காரும் வைத்திருக்கிற யந்திரம் என்று ஜனங்கள் எண்ணியிருந்த காலத்தில், கிளைவ் ஸிங்க்ளேர் என்பவர் 1980-ல் 100 பவுனுக்குச் சற்றுக் குறைவாக ஒரு சிறு கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மறு வருஷம் வந்ததன் விலை 70 பவுன்கூட இல்லை. பாகங்களாக வாங்கித் தாமே பற்றவைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு 50 பவுனுக்குள் கிடைத்தது. அதன் ஞாபகம் 1 கிலோபைட். அதாவது 1,024 இங்கிலீஷ் எழுத்துக்கள். ஒரு கடிதத்தில் பாதி. 1982 ஏப்ரலில் வந்த ஸ்பெக்ட்ரம் என்னும் யந்திரத்தில் 16 அல்லது 48 கிலோபைட். விலை 125 பவுன், 175 பவுன். இந்த மலிவின் ரகசியம் எளிது. யந்திரத்தோடு திரை விற்கப்படவில்லை. வீட்டு டெலிவிஷனே திரை. எழுதியதைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கிற காஸெட் நாடாவே பெட்டகம். மாலை வேளையில் தகப்பனார் செய்தி பார்க்க விரும்புவார். பிள்ளை வேறு காரியத்துக்குத் திரையைக் கேட்பான். அந்தச் சண்டை எத்தனை வீடுகளில் நடந்ததென்று யார் கணக்கெடுத்தார்கள்!

அதே சமயத்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் கம்பெனி செய்த கம்ப்யூட்டருக்கு பி.பி.ஸி. தன் பெயரைக் கொடுத்தது. 1982 முதல் டெலிவிஷனில் ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர்ப் பாடம் நடத்திற்று. பள்ளிக்கூடங்கள் கம்ப்யூட்டர் வாங்கச் சர்க்கார் பாதி விலை கொடுத்தது. நாட்டில் 30 லட்சம் பேருக்கு மேல் வேலையின்றித் தவித்த வருஷம் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு இதனால் ஒரு வழி பிறக்காதா என்ற ஏக்கத்தோடு கையைக் கடித்துக்கொண்டு வாங்கிய பெற்றோர் பலர்.

ஆனால் மலிவு மட்டும் இந்த அதிசயத்தைச் செய்துவிடவில்லை. அந்த யந்திரங்களுக்கு வேறொரு குணம் இருந்தது. மின்சாரத்தைப் போட்டதும் எதிரே வருவது ஏறக்குறைய வெறுந் திரை. படம் இல்லை, பாட்டு இல்லை, "இதைத் தொடு, அதைத் தொடு" என்ற உபசாரமும் இல்லை. கட்டளைக்காகக் காத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பேஸிக் என்ற எளிய பாஷையில் ஒரு வரி எழுதினால் அந்த ஒரு வரிக்கு உடனே கீழ்ப்படியும். வேறு வாங்கிப் போட்டாலொழிய அதைக்கொண்டு வேறொன்றும் செய்ய முடியாது. ஆகவே கையில் காசில்லாத பையன் எழுதியே தீரவேண்டியதாயிற்று.

எதைப் பார்த்து எழுதுவது? பத்திரிகைகள் இருந்தன. பக்கம் பக்கமாக விளையாட்டுக்களின் புரோகிராம்களை அச்சிட்டன. பையன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுத்தெழுத்தாக அவற்றைத் தட்டுவான். எங்கோ ஒரு காற்புள்ளி தவறியிருக்கும். விளையாட்டு ஓடாது. சில சமயம் பிழை பத்திரிகையிலேயே இருக்கும்! அச்சுப்பிழையின் கொடுமையைப் பத்திரிகைக்காரர்கள் அறிவார்கள். ஆனால் வாசகனுக்கு அதனால் இவ்வளவு நன்மை விளைந்த இடம் வேறெதுவும் நமக்குத் தெரியாது. பிழையைத் தேடுவதற்காக ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறதென்று அவன் விளங்கிக்கொள்ள நேர்ந்தது. விளங்கிய பிறகு சும்மா இருப்பானா? எதிரி வரும் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பான். தன் கப்பலுக்குக் குண்டுகளை அதிகமாக்கிக்கொள்வான். அடுத்த வாரம் சொந்தமாகவே ஒன்று எழுத ஆரம்பிப்பான்.

யந்திரத்தின் வறுமையும் ஒரு வாத்தியாராக இருந்தது. ஸ்பெக்ட்ரம் திரையில் 768 கட்டங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு நிறங்களுக்கு மேல் இருக்க முடியாது. சிவப்பு மனிதன் பச்சை மரத்தைத் தாண்டினால் மரமும் மனிதனும் நிறம் மாறிக் குழம்புவார்கள். சத்தம் எழுப்பத் தனிக் கருவி இல்லை. யந்திரத்தின் மூளையே ஒரு சிறு ஒலிபெருக்கியைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதுவரை மற்ற வேலை நிற்கும். பேஸிக்கோ ஆமை வேகம். வேகம் வேண்டுமானால் யந்திர பாஷையிலேயே எழுத வேண்டும். அதில் ஓர் எண் பிசகினால் எல்லாம் ஸ்தம்பித்து நினைவு முழுவதும் அழிந்துபோகும். மறுபடி நாடாவைச் சுற்றி ஐந்து நிமிஷம் அதன் கீச்சுக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அந்தப் பையன்கள் செய்தது என்ன? வாலஸி நகரத்து மாத்யூ ஸ்மித் 1966-ல் பிறந்தவர். 1983-ல் "மானிக் மைனர்" என்ற விளையாட்டைச் சுமார் எட்டு வாரத்தில் எழுதி முடித்தார். சுரங்கத் தொழிலாளி ஒருவன் 20 குகைகளைக் கடந்து வெளியேற வேண்டும். ஆட்டம் நடக்கும்போதே கிரீக் என்னும் நார்வே தேசத்து வித்வானின் இசை கேட்கிறது. மூளை ஒரு கணம் மனிதனை நகர்த்தி, மறுகணம் ஒலிபெருக்கியைத் தட்டி, இரண்டு வேலைக்கும் நடுவே அகப்பட்ட நேரத் துணுக்குகளில் சங்கீதத்தை ஒட்டவைத்திருக்கிறார்!

கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபன், இயன் பெல் இருவர் கதை இன்னும் ரஸமானது. 32 கிலோபைட்டுக்குள் ஆகாச சஞ்சாரம் செய்ய ஆசைப்பட்டார்கள். நட்சத்திரங்களின் பட்டியலை வைக்க இடம் ஏது? வைக்கவே இல்லை. சில எண்களை விதையாக வைத்து, அவற்றைக் கூட்டிக் கூட்டி வரும் விடைகளிலிருந்து ஒவ்வொரு கிரகத்தின் பெயரும் இடமும் வியாபாரமும் அவ்வப்போது முளைக்கும்படி செய்தார்கள். ஒரே விதை ஒரே பயிரைத்தானே தரும்? அதனால் நேற்றுப் பார்த்த கிரகம் இன்றும் அங்கேயே இருக்கும். இப்படி 8 மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். முதலில் அவர்கள் காட்டிய கம்பெனி வேண்டாமென்று கைவிரித்துவிட்டது. பிறகு ஏகார்ன் கம்பெனியின் பிரசுரக் கிளை 1984-ல் "எலீட்" என்ற பெயரில் அதை வெளியிட்டது.

எல்லாம் பொன்னாக விளைந்ததென்று சொல்ல மாட்டோம். பதர் நிறைய விளைந்தது. மற்றவர் விளையாட்டைக் காப்பியடித்தது நிறைய. ஒரு காஸெட் பத்துக் காஸெட்டாகப் பெருகியதால் உழைத்தவனுக்குக் காசு வராமற் போனதும் உண்டு. பதின்பருவத்துப் பையன்மேல் ஒரு வியாபாரத்தின் பாரத்தை ஏற்றியதும் நல்லதல்ல. ஸ்மித்தின் மூன்றாவது சுரங்க விளையாட்டு விளம்பரமானதோடு நின்றுபோயிற்று. இன்னொரு குறையும் உண்டு. யந்திரத்தின் முன் உட்கார வைக்கப்பட்டவன் பெரும்பாலும் பையன்தான். அதே வீட்டுப் பெண் அடுத்த அறையில் இருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

பிறகு கதவு சாத்தப்பட்டது. நிண்டெண்டோ கம்பெனி 1985-ல் அமெரிக்காவில் இறக்கிய விளையாட்டுப் பெட்டிக்குள் பூட்டுப்போன்ற ஒரு சில்லு இருந்தது. கம்பெனி அனுமதித்த சரக்கைத்தான் அது ஓட்டும். காசு கொடுத்து வாங்கியவனுக்கு விளையாட உரிமை உண்டு. எழுத உரிமை இல்லை. விளையாட்டுக்கள் அழகாயின, பெரிதாயின. ஒரு பையனுக்குப் பதில் நூறு பேர் சேர்ந்து செய்ய வேண்டியவையாயின. கம்ப்யூட்டரிலும் வெறுந் திரை மறைந்து படங்கள் வந்தன. இன்று சிறுவர் கையிலுள்ள டெலிபோன் அந்த ஸ்பெக்ட்ரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வல்லமை உடையது. கட்டளை எழுத வேண்டிய இடம் அதில் எங்கே இருக்கிறதென்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. வாங்கிக் கொடுத்த தகப்பனாருக்கும் தெரியாது.

இதன் விளைவு கேம்பிரிட்ஜிலேயே தெரிந்தது. கம்ப்யூட்டர் சாஸ்திரம் படிக்க மனுப் போடுவோர் தொகை குறைந்தது. வந்தவர்களுக்கும் முன்னவர்களுக்கிருந்த கையனுபவம் இல்லை. இதைக் கவனித்த எபன் அப்டன் என்பவர் சிலரோடு சேர்ந்து ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தினார். அவர்களில் ஒருவர் "எலீட்" செய்த அதே பிரேபன்! 2012 பிப்ரவரி 29-ந் தேதி அவர்களுடைய ராஸ்ப்பெரி பை 35 டாலர் விலையில் வெளிவந்தது. 2014 செப்டம்பரில் இங்கிலாந்தின் பள்ளிகளில் 5 வயது முதல் புரோகிராம் எழுதும் பாடம் வைக்கப்பட்டது.

2015 நவம்பரில் அந்த ஸ்தாபனத்தின் பத்திரிகை ஒரு காரியம் செய்தது. பத்திரிகையைப் பார்த்துப் பையன்கள் புரோகிராமைத் தட்டிய காலம் போய், பத்திரிகையின் அட்டையிலேயே ஒரு கம்ப்யூட்டரை ஒட்டி இனாமாகக் கொடுத்தது. ஒரு விரலளவு நீளம்; ஞாபகம் 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தைப்போல் சுமார் 10,900 மடங்கு. அதிலும் திரை கிடையாது. வீட்டு டெலிவிஷனைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.