கண்ணால் கேட்கும் குழந்தை

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. ஆபீஸ் வேலையாக என் கணவர் கோயம்புத்தூர் கிளம்பினார். தோளில் பையை மாட்டிக்கொண்டு அவர் வாசல்படி இறங்கியதுதான் தாமதம், எங்கள் சின்னவள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. பிறவியிலேயே இரண்டு காதும் கேளாது. மெஷின் வைத்தால் சத்தம் தெரியுமே தவிர, பேச்சு தெளிவாக விழாது.

"அப்பா ஞாயித்துக்கிழமை வந்துடுவாங்கடா கண்ணு" என்றேன். என் உதட்டையே பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. மூன்று நாளும் வாசல்படியை விட்டு நகரவில்லை. சோறு இறங்கவில்லை. ராத்திரி அவர் சட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். அப்பா திரும்பி வரவே மாட்டார் என்று குழந்தை நினைத்துவிட்டாள் என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

இத்தனைக்கும் நான் சும்மா இருந்த தாய் இல்லை. கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டி, படம் ஒட்டி, இருநூறு அட்டைகள் செய்து வைத்திருந்தேன். மாம்பழம், யானை, குடை, சைக்கிள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வந்தவர்களெல்லாம் "பிரமாதம்!" என்பார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். ஆனால் அந்த இருநூறில் "திரும்பி வருவார்" என்பதற்கு ஒரு அட்டை இல்லை. "நாளைக்கு" இல்லை. "ஏன்" இல்லை.

காதில் விழுவது என்ன?

எங்கள் தெருவில் காது கேளாத குழந்தைகளுக்குப் பல வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். என் அட்டைகளை எல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "உங்க பெரிய பொண்ணுக்கு 'நாளைக்கு'ன்னா என்னன்னு எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க?"

யோசித்தேன். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை! "நாளைக்கு அரை லிட்டர் கூடப் போடுப்பா" என்று பால்காரரிடம் நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. "அடுத்த வாரம் கல்யாணத்துக்குப் போகணும்" என்று மாமியார் போனில் பேசியது விழுந்திருக்கிறது.

"அதேதாம்மா. கேக்குற குழந்தை பாதிக்கு மேல ஒட்டுக்கேட்டே படிச்சுடுது. சின்னவளுக்கு அந்த ஒட்டுக்கேக்குற வழிதான் அடைச்சுக் கிடக்கு. நீங்க செய்யுற சாமான் அதைத் திறக்கணும். பேரு சொல்லிக்கொடுத்தா மட்டும் போதாது."

அன்றிலிருந்து எந்தச் சாமானைச் செய்யும்போதும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டில் மற்றவர்கள் காதால் தெரிந்துகொள்வதில் எது இவள் கண்ணுக்கு வராமல் போகிறது?

நாள் கிழிக்கும் காலண்டர்

முதலில் செய்தது இதுதான். மளிகைக் கடையில் இனாமாகக் கொடுத்த தினசரி காலண்டரை அவள் எட்டும் உயரத்தில் ஆணியடித்து மாட்டினேன். அடுத்த முறை அவர் ஊருக்குப் போனபோது, போகிற தேதித் தாளில் பையும் பஸ்ஸும் வரைந்தேன். வரும் தேதித் தாளில் மீசையோடு அப்பா முகம். தினமும் காலையில் அவளே ஒரு தாளைக் கிழிப்பாள். மீதித் தாள்களைத் தூக்கிப் பார்ப்பாள். இரண்டு... ஒன்று... பிறகு அப்பா முகம்! அன்று மாலை அவர் உள்ளே நுழைந்தபோது அவரைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்துச் சிரித்தாளே, அதை இன்னும் மறக்க முடியவில்லை.

கிழித்த தாளை எறிவதில்லை. ஒரு நீளக் கோடுபோட்ட நோட்டில் ஒட்டி, அன்று நடந்ததைப் பக்கத்தில் வரைந்து, கீழே ஒரே ஒரு வரி எழுதுவோம். பஸ் டிக்கெட், மருதாணி இலை, ஜவுளிக்கடைச் சீட்டு எல்லாம் அதில் இருக்கும். ஒட்டிய தாள் நேற்று. மேலே தெரியும் தாள் இன்று. அடியில் இருப்பது நாளை. படம் போட முடியாத மூன்று வார்த்தைகள் இப்படித்தான் அவள் கைக்கு வந்தன. உறவுக்காரர்கள் வந்தால் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் மடியில் உட்கார்ந்துகொள்வாள். "என்னடி நடந்துச்சு?" என்று கேட்க அவர்களுக்கும் ஒரு வழி கிடைத்தது.

பாட்டிக்குத் தனி கிளிப்

நம் தமிழில் ஒரு சங்கடம் உண்டு. "அப்பா அக்காவைக் கூப்பிட்டார்", "அப்பாவை அக்கா கூப்பிட்டாள்". யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது வார்த்தைக் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன 'வை'யில்தான் இருக்கிறது. பேசும்போது அதை நாம் அழுத்திச் சொல்வதில்லை. காது கேளாத குழந்தைக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. அதனால்தான் இவர்களில் பல பிள்ளைகள் பெரிய வகுப்பு போன பிறகும் "நான் பள்ளி போனேன் அக்கா புத்தகம் கொடுத்தாள்" என்று எழுதுகிறார்கள். புத்திக் குறைவல்ல, கண்ணில் படாததை எப்படி எழுத முடியும்?

துணி காயப்போடும் மரக் கிளிப்புகளை எடுத்தேன். சிவப்புப் பெயின்டில் 'வை', பச்சையில் 'வுக்கு', நீலத்தில் 'விடம்' என்று எழுதினேன். வீட்டில் உள்ளவர்களின் போட்டோவை அட்டையில் ஒட்டி, கீழே பெயர் எழுதினேன். 'அக்கா' அட்டையில் பச்சைக் கிளிப்பை மாட்டினால் அக்காவுக்கு லட்டு கொடுக்க வேண்டும். நீலக் கிளிப் என்றால் அக்காவிடம் லட்டு வாங்க வேண்டும். நிஜ லட்டுதான். அப்போதுதானே விளையாட்டு சூடு பிடிக்கும்!

அம்மா, அப்பா, அக்கா, தாத்தா எல்லோருக்கும் அதே கிளிப்புகள் சரியாக இருந்தன. பாட்டிக்கு மட்டும் 'யை', 'க்கு', 'யிடம்' என்று வேறு செய்ய வேண்டி வந்தது. "எனக்கு மட்டும் தனி கிளிப்பா?" என்று மாமியாருக்கு ஒரே பெருமை. அந்தக் கிளிப்புகளை அவரே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

கண்ணாடி முன் ஒரு பரீட்சை

சகோதரிகளே, ஒரு நிமிஷம் கண்ணாடி முன் நின்று, சத்தம் வராமல் "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "அப்பா". உதட்டில் வித்தியாசம் தெரிகிறதா? தெரியாது. 'மாமா'வும் 'பாப்பா'வும் அப்படித்தான். 'மாடு' என்றாலும் 'பாடு' என்றாலும் உதடு ஒன்றாகவே மூடித் திறக்கும். 'க'வோ தொண்டைப் பக்கம் பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை.

இது தெரியாமல், "அம்மா எங்கே?" என்று நான் கேட்கும்போது அவள் அப்பாவைக் காட்டினால் மனசுக்குள் அழுதிருக்கிறேன். "கையால ஜாடை காட்டாதீங்க, பேச்சே வராது" என்று நாங்கள் போன ஓர் இடத்தில் கண்டித்திருந்தார்கள். அதற்குப் பயந்து ஒன்றரை வருஷம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அவளிடம் பேசினேன். அந்த ஒன்றரை வருஷத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

சைகை மொழி பேச்சைக் கெடுக்காது. பேச்சோ சைகையோ, சின்ன வயதிலேயே ஒரு முழு மொழி குழந்தைக்குக் கிடைத்தாக வேண்டும் என்று இன்று நிபுணர்கள் பலர் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் மூக்குத்தியைத் தொட்டால் அம்மா, மீசையைத் தடவினால் அப்பா. இந்திய சைகை மொழியிலும் பெண்ணுக்கு மூக்குத்தி, ஆணுக்கு மீசைதான் அடையாளம்!

2015-ல் டில்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் ஏற்பட்டது. அவர்கள் வெளியிட்ட வீடியோ அகராதியில் 2021-ல் வார்த்தைகள் 10,000 ஆயின. பாடப் புத்தகங்களைச் சைகை மொழியில் தருவதற்காக 2020-ல் என்.சி.இ.ஆர்.டி.யோடு ஒப்பந்தமும் போட்டிருக்கிறார்கள். செல்போனிலேயே பார்க்கலாம். ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு நானும் பெரியவளும் தினம் ஐந்து வார்த்தை என்று பழகினோம்.

எல்லோரும் விளையாட வேண்டும்

சின்னவளுக்கென்று தனியாக ஒரு பெட்டியும் தனி மூலையும் வைத்தால் அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாள். அதனால் தெருப் பிள்ளைகளும் ஆசைப்பட்டு வரும்படி சாமான்கள் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

இதற்குப் பெரிய செலவே இல்லை. பல்லாங்குழி, தாயம், பரமபதம், பாண்டி எல்லாம் கண்ணால் ஆடும் ஆட்டங்கள்தானே! எண்ணிக்கையும், முறை காத்திருப்பதும் தானாக வருகின்றன. மியூசிகல் சேர் மட்டும்தான் தகராறு. பாட்டு நின்றது தெரியாமல் அவள் சுற்றிக்கொண்டே இருப்பாள். பாட்டோடு ஒரு சிவப்புத் துண்டையும் ஆட்டச் சொன்னேன். துண்டு கீழே இறங்கினால் உட்கார வேண்டும். இப்போது எங்கள் தெருவில் துண்டு இல்லாமல் அந்த ஆட்டம் இல்லை.

இன்னொன்று. படத்தையும் நம் முகத்தையும் அவளால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. நாமோ படத்தைக் காட்டிக்கொண்டே பேசுவோம். அவளுக்குப் பாதி நழுவிவிடும். முதலில் படத்தைப் பார்க்க விடுங்கள். அவள் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்ததும் சொல்லுங்கள். மறுபடி படத்துக்குப் போகட்டும். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் நான் கேட்டுக்கொண்டதும் இதைத்தான். போர்டில் எழுதிக்கொண்டே பேசாமல், எழுதிவிட்டுத் திரும்பிப் பேசினால் போதும். "இப்பல்லாம் மத்த பிள்ளைங்களும் நல்லாக் கவனிக்குதுங்க" என்று அவரே சொன்னார்.

சட்டமும் நம் பக்கம்தான். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காது கேளாத குழந்தைக்கு மிகவும் ஏற்ற மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்கிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இளம் தாய்மார்கள் கவனத்துக்கு

"எங்க வீட்டுல எல்லாரும் லேட்டாத்தான் பேசினோம்" என்று பெரியவர்கள் சொன்னதை நம்பி, நாங்கள் இரண்டரை வயது வரை காத்திருந்தோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். குழந்தை பிறந்த 1 மாதத்துக்குள் காது பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறை உண்டா என்ற முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் ஆரம்பம் என்பதுதான் டாக்டர்கள் சொல்லும் கணக்கு. தூங்கும் குழந்தைக்கே பரிசோதனை செய்துவிடலாம், வலியே கிடையாது. அரசு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் வழிகாட்டுவார்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் தேவைப்படும் சின்னக் குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு.

காது மெஷின் போடும் குழந்தைக்குச் சில குறிப்புகள்:

* தினமும் காலையில் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். நேற்று வரை கேட்டது இன்று கேட்கவில்லை என்றால் மெஷினையும் பாட்டரியையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* வியர்வை மெஷினுக்கு எதிரி. ராத்திரி பாட்டரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பை போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

* மெஷின் 'கீ' என்று கத்தினால், குழந்தை வளர்ந்து காது அச்சு தளர்ந்திருக்கலாம். புது அச்சு எடுக்க வேண்டும்.

* குட்டி பாட்டரி மிகவும் ஆபத்து. குழந்தை விழுங்கிவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேசாதீர்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும்.

சின்னவளுக்கு இப்போது ஏழு வயது. போன மாதம் அவர் மறுபடி கோயம்புத்தூர் கிளம்பினார். அவள் அழவில்லை. நேராகக் காலண்டரிடம் போனாள். தாள்களைத் தூக்கி எண்ணி, வரும் தேதியில் தானே மீசை வைத்த முகம் வரைந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய பொட்டலம் வரைந்து, அதன் மேல் எழுதினாள்: "அக்காவுக்கு அல்வா. எனக்கு அல்வா." கொஞ்சம் யோசித்து, கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: "பாட்டிக்கு வேண்டாம். சுகர்."

பாட்டிக்குச் சர்க்கரை வியாதி என்று அவளிடம் யாருமே உட்கார்ந்து சொன்னதில்லை. மாமியார் மாத்திரை போடுவதையும், நான் அவர் தட்டிலிருந்து இனிப்பை எடுத்து வைப்பதையும், எங்கள் கைகள் பேசுவதையும் பார்த்து அவளே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

ஒட்டுக்கேட்டிருக்கிறாள், கள்ளி!