பனிப்பாறை அல்ல, பனியாறு

மாலை ஆறரைக்கு மும்பையின் கோவண்டி ஸ்டேஷன் பாலத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும்: நடுவில் மாட்டிக்கொண்டால் கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும்; கைப்பிடி ஓரம் ஒதுங்கினால் ஊர்ந்துதான் போகவேண்டும். இமயமலைப் பனியாறும் அப்படித்தான். பக்கத்துப் பாறை பிடித்து இழுப்பதால் ஓரம் பின்தங்கும், நடுப்பகுதி முந்தும். இதைப் பத்திரிகைகள் பனிப்பாறை என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. பாறையா ஓடும்?

ஓட்டத்தை அளக்க, செயற்கைக்கோள் ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் போதும். பனியின் முதுகிலுள்ள வெடிப்புகளும் கற்குவியல்களும் அதோடு சேர்ந்தே பயணம் செய்யும். முதல் படத்தில் ஒரு சிறு சதுரத்தை எடுத்துக்கொண்டு, அதே தோற்றம் இரண்டாம் படத்தில் எங்கே போயிருக்கிறது என்று கணினி தேடும். தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் கங்கோத்ரிப் பனியாற்றை இப்படி அளந்து 2014இல் வெளியிட்டார்கள். மேற்பகுதியில் ஆண்டுக்கு 14 முதல் 85 மீட்டர். பனியாற்றின் முனையான கோமுகம் அருகே 20 முதல் 30. வேகமும் சரிவும் தெரிந்தால் தடிமனையும் கணக்கிடலாம், துளை போடவே வேண்டாம். மேலே சுமார் 540 மீட்டர் பனி, முனையில் 50, 60தான்.

கிளைப் பனியாறுகள் வந்து சேரும் இடத்தைப் படத்தில் பார்க்கவேண்டும். தண்ணீர் ஆறுகள்போல் இவை கலந்துவிடுவதில்லை. இரண்டும் ஓரத்தில் சுமந்துவந்த கற்கள் ஒன்றுசேர்ந்து, நடுவே கரிய கோடாகக் கிலோமீட்டர் கணக்கில் நீளும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றின் பனி, அந்தப் பக்கம் மற்றதன் பனி. கோடு ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால், எந்தக் கிளை எதை நெருக்குகிறது என்று புரிந்துவிடும். கங்கோத்ரியோடு ஒருகாலத்தில் சேர்ந்திருந்த சதுரங்கிப் பனியாறு இன்று தனியாகப் பிரிந்து நிற்கிறது.

பனி மெலிந்தால் கீழே தள்ளும் எடை குறைகிறது, ஓட்டமும் தளர்கிறது. ஆசியாவின் உயர்மலைகளில் 2000 முதல் 2017 வரையிலான படங்களை ஒப்பிட்டபோது, 11 வட்டாரங்களில் ஒன்பதில் பனியாறுகள் வேகம் குறைந்திருந்தன.

மழைக்காலத்தில் மும்பையின் செம்பூர் வானத்தைப் போலவே இமயத்தையும் மேகம் மூடிவிடும். கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. ரேடார் மேகத்தை ஊடுருவும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் ரேடார் செயற்கைக்கோள், 12 நாளுக்கொருமுறை அதே இடத்துக்கு மேலே வந்து பார்க்கிறது.

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். கோமுகத்தின் செப்டம்பர் படங்கள் இரண்டை, பத்தாண்டு இடைவெளியில், இறக்கிப் பாருங்கள். பனியாற்றின் முனை மாறியிருப்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.