வான் வாங்குமுன் கமக்காரர் கணக்கிட வேண்டியவை

அச்சுவேலியிலிருந்து வெங்காயம், கத்தரி, கோவா முதலியவற்றைத் திருநெல்வேலிச் சந்தைக்கோ தம்புள்ளைக்கோ தாமே கொண்டுசெல்ல வான் வாங்க விரும்பும் கமக்காரர், அது ஆண்டில் எத்தனை நாள் ஓடும் என முதலிற் கணக்கிடுதல் வேண்டும்.

கடனுக்கு வாங்கும் புதிய வானுக்கு மாதந்தோறும் தவணை கட்ட வேண்டும். காலபோக நெல்லோ ஆண்டுக்கு ஒருமுறையே வீடு சேரும். தோட்டம் வெறுமையாய்க் கிடக்கும் மாதத்திலும் தவணை நில்லாது. தவறின் வாகனமும் கட்டிய பணமும் கைவிட்டுப் போகலாம். ஆகவே, அயலாரின் விளைவையும் ஏற்றி ஆண்டு முழுவதும் ஓட்டக் கூடியவர்க்கே புதியது பொருந்தும். ஏனையோர்க்குப் பழையதே போதும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதனால் பழைய வாகனங்களின் விலை மிக உயர்ந்தது. 2025இல் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனவே புதியதன் விலையையும் விசாரித்த பின்னரே பழையதற்கு விலை பேசுக.

பழையதை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. கடற்காற்றினால் அடிச்சட்டம் துருப்பிடித்துள்ளதா எனக் கீழே குனிந்து பார்க்குக. மேற்பூச்சை நம்பற்க.
2. தொழிலறிந்த ஒருவருடன் பாரமேற்றி ஓட்டிப் பார்க்குக.
3. பதிவுச் சான்றிதழில் நிதிக் கம்பனியின் பெயர் இருப்பின், கடன் தீர்ந்தமைக்குக் கடிதம் பெறாது பணம் கொடுக்கற்க.
4. திருத்த வேலைக்கும் டயருக்கும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்குக.

அறுவடை நாளில் வழியில் நின்றுவிடும் வான், ஏற்றிய மரக்கறியையும் அழுகச் செய்யும்.