ஹாலா, கல்லூரியா, வீடா: கென்ட் ரிட்ஜில் முதலாண்டு இருப்பிடம்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மாணவர் தங்குமிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது அறையைத் தேர்ந்தெடுப்பதில்லை, வகையைத் தேர்ந்தெடுக்கிறார். கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் ஹால், உறைவிடக் கல்லூரி, ரெசிடன்ஸ் என்று மூன்று வகைகள் உண்டு. அண்மை ஆண்டுகளில் ஹவுஸ் என்ற இடைப்பட்ட வகையும் சேர்ந்திருக்கிறது. வளாகத்துக்கு வெளியே என்றால் பெற்றோர் வீடு, அல்லது வாடகை அறை. இவை எல்லாவற்றுக்கும் வெள்ளிக் கணக்கில் ஒரு வாடகையும் நேரக் கணக்கில் இன்னொரு வாடகையும் இருக்கின்றன. முதலாவது கட்டணப் பட்டியலில் இருக்கும். இரண்டாவது எவ்வளவு என்பது வகுப்புகள் தொடங்கி மூன்று நான்கு வாரம் ஆனபிறகுதான் உறைக்கும்.

வீட்டிலிருந்து போய்வருவதிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். தீவு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அதனால் உள்ளூர்க் குடும்பங்களில் "ஒரே ஊரில் இருந்துகொண்டு எதற்கு விடுதி?" என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. பாசிர் ரிஸ்ஸில் குடியிருப்பவர் கிழக்கு-மேற்குப் பாதையில் புவன விஸ்தாவுக்கு வந்து, வட்டப் பாதைக்கு மாறி, கென்ட் ரிட்ஜ் நிலையத்தில் இறங்கி, பிறகு பல்கலைக்கழகத்தின் இலவச உள்பேருந்துக்கு வரிசையில் நிற்கவேண்டும். கென்ட் ரிட்ஜ் நிலையம் 2011 அக்டோபரில் திறந்தபிறகு பயணம் எளிதானது உண்மை. ஆனாலும் வாசலிலிருந்து வகுப்பறைவரை ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. போகவர இரண்டரை மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்குப் பன்னிரண்டரை மணி. 13 வாரப் பருவத்துக்கு 160 மணி நேரத்துக்கு மேல் ரயிலிலும் பேருந்திலும் கழியும். அதுவும் நின்றுகொண்டு. கிளமெண்டியில் இருப்பவருக்கோ 96ஆம் எண் பேருந்து ஒன்றே போதும். அவருக்கு விடுதி ஓர் ஆசை. பாசிர் ரிஸ்காரருக்கும் ஊட்லண்ட்ஸ்காரருக்கும் அது தேவைக்கு நெருக்கமானது. அயர்லாந்தோ ஆஸ்திரேலியாவோ போகாமல் உள்ளூரில் படிக்கும் பிள்ளைக்குத் தனியாக வாழப் பழகும் வாய்ப்பு இது ஒன்றுதான் என்று பணம் கட்டும் பெற்றோரும் உண்டு.

வளாகத்துக்குள் மிகப் பழைய வகை ஹால். யூசோஃப், கென்ட் ரிட்ஜ், கிங் எட்வர்ட் ஏழு, ராஃபிள்ஸ், ஷியர்ஸ், தெமாசெக் என்று ஆறு ஹால்கள். சிலவற்றின் வரலாறு இந்த வளாகத்தைவிட நீளமானது. 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி பின்னாளில் கிங் எட்வர்ட் ஏழாம் மருத்துவக் கல்லூரி ஆனது. அதன் மாணவர்கள் தங்கிய விடுதியின் பெயரே இன்றைய 'கேஇ செவன்'. யூசோஃப் 1958இல் பெண்கள் விடுதியாகத் தொடங்கியது. இப்போது இருபாலரும் இருக்கிறார்கள். ஷியர்ஸ் ஹாலின் பெயர் இரண்டாவது அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸை நினைவூட்டுவது.

பழமை ஹாலுக்குப் பெருமை தரலாம். அங்கே அன்றாடத்தை நடத்துவது புள்ளிக் கணக்கு. ஹாலில் முதலாண்டு இடம் கிடைத்தவருக்கு இரண்டாம் ஆண்டு இடம் தானாக வந்துவிடாது. ஹாலுக்குள் நடக்கும் இணைப்பாட நடவடிக்கைகளில் எவ்வளவு ஈடுபட்டார் என்பதைப் புள்ளிகளாக்கி, வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களுக்கே அடுத்த ஆண்டு அறை தருகிறார்கள். ஹால்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகள், ஆண்டுக்கொரு இசை நாடகம், நடன நிகழ்ச்சி, மாணவர் செயற்குழு என எல்லாவற்றுக்கும் எடை உண்டு. மேடையில் ஆடுபவருக்கு மட்டுமல்ல, திரைக்குப் பின்னால் ஆணி அடிப்பவருக்கும் புள்ளி உண்டு.

இதன் விளைவை ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் பார்க்கலாம். மாலை ஏழு மணிக்குச் சாப்பாட்டுக்கூடம். ஒன்பதுக்கு ஃபுளோர்பால் பயிற்சி. வியர்வை உலருமுன் பத்தரைக்கு நாடக அரங்க அமைப்புக் குழுவின் கூட்டம். அட்டைப் பெட்டியில் கதவு செய்வது எப்படி என்று அரை மணி நேர விவாதம். பன்னிரண்டுக்கு மாடிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சப்பர்: மைலோவும் முட்டைப் புரோட்டாவும், தொட்டுக்கொள்ள மீன் குழம்பும். அறைக்குத் திரும்பும்போது ஒன்றரை. புதன் காலை எட்டுக்கு வகுப்பு. இதில் ஒன்றையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் பக்கத்து அறைக்காரர் போகும்போது போகாமல் இருப்பதற்கு மனத்திடம் வேண்டும். ஹாலில் இருந்தவர்கள் பத்தாண்டு கழித்தும் அங்கே கிடைத்த நட்பைப் பற்றியே பேசுவதற்கும், அங்கே சிலரின் மதிப்பெண் முதல் பருவத்திலேயே சரிவதற்கும் காரணம் ஒன்றுதான்.

விளையாட்டிலோ மேடையிலோ உண்மையான நாட்டம் உள்ளவருக்கு ஹாலைவிட நல்ல இடம் இல்லை. அறைக்காக மட்டும் புள்ளி சேர்க்கப் போகிறவருக்கு அதைவிட அயர்ச்சி தரும் இடமும் இல்லை. பல்கலைக்கழக அளவிலான சங்கங்களில் ஊறப்போகிறவர் இன்னொன்றையும் எண்ணிப்பார்க்கவேண்டும். தமிழ்ப் பேரவையின் 'சங்கே முழங்கு' மேடை நிகழ்ச்சிக்கு இரவிரவாக ஒத்திகை பார்ப்பவருக்கு, ஹாலுக்கு வெளியே சிந்திய அந்த வியர்வை ஹாலின் கணக்கில் அதே எடையோடு ஏறுவதில்லை.

உறைவிடக் கல்லூரி வேறு வார்ப்பு. ஆயர் ராஜா விரைவுச்சாலைக்கு அப்பால், பழைய வாரன் குழிப்பந்து மைதானம் இருந்த நிலத்தில் பல்கலைக்கழக நகரம் எழுந்தபோது, 2011ஐ ஒட்டி முதல் கல்லூரிகள் வந்தன. தெம்புசு, ஆலிஸ் - பீட்டர் டான் கல்லூரி, ஆர்சி4 ஆகியவற்றின் கட்டடங்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. ரிட்ஜ் வியூ மட்டும் பழைய வளாகத்தின் பக்கம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 600 பேர். இங்கே தங்குவதற்கான நிபந்தனை படிப்பு. சேர்ந்தவர் ஈராண்டுத் திட்டத்தில், கல்லூரியே நடத்தும் சில பாடங்களை எடுக்கவேண்டும். பதினைந்து பேர் அளவிலான சிறு வகுப்பு, வாராவாரம் வாசிப்பு, நிறைய எழுத்து, நிறையப் பேச்சு. ஆலிஸ் - பீட்டர் டான் கல்லூரிக்குச் சமூக ஈடுபாடும், ஆர்சி4க்கு அமைப்புமுறைச் சிந்தனையும், ரிட்ஜ் வியூவுக்கு நீடித்த நிலைத்தன்மையும் அடையாளம். தெம்புசுவின் முதல் ரெக்டர் மூத்த அரசதந்திரி டோமி கோ என்பதிலிருந்தே அதன் நாட்டத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தப் பாடங்கள் பட்டத்துக்குத் தேவையான பொதுப் பாடங்களுக்கு ஈடாக எண்ணப்படுவதால் சுமை கூடாது என்று சொல்லப்படுகிறது. எண்ணிக்கையில் அது சரி. ஆனால் முந்நூறு பேர் உட்காரும் விரிவுரையில் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளலாம். பதினைந்து பேர் வட்டமாக உட்காரும் வகுப்பில், அதுவும் ஆசிரியர் அதே கட்டடத்தில் குடியிருக்கும்போது, ஒளிய இடமில்லை. தொடக்கக் கல்லூரியில் வேதியியலும் கணிதமும் மட்டும் எழுதிப் பழகிய பொறியியல் மாணவருக்கு இரண்டாயிரம் சொல் கட்டுரை முதல் மாதத்திலேயே வந்து நிற்கும். அதில் ருசி கண்டவர்கள் நிறையப் பேர். கட்டடம் புதிது, அறை தனி என்பதற்காக மட்டும் சேர்ந்தவர்களே அதிகம் முணுமுணுக்கிறார்கள். இதற்கு ஈடாகக் கல்லூரி தருவது பெரிய நிம்மதி: ஈராண்டுக்கும் இடம் உண்டு, புள்ளிக்காக ஓடவேண்டியதில்லை. 2022இல் முதல் மாணவர்களைச் சேர்த்த என்யுஎஸ் கல்லூரியில் சேர்கிறவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை. வளாகத்தில் தங்குவது அவர்கள் பாடத்திட்டத்தோடு வருகிறது.

ரெசிடன்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதன் கவர்ச்சியே அதுதான். பிரின்ஸ் ஜார்ஜஸ் பார்க்கில் தனியறைகள். பல்கலைக்கழக நகரில் நான்கு படுக்கையறைகள் கொண்ட வீடு போன்ற அமைப்பு. புள்ளியும் இல்லை, கட்டாயப் பாடமும் இல்லை, கட்டாயச் சாப்பாடும் இல்லை. பரிமாற்ற மாணவர்கள் நிறையப் பேர் இங்கேதான் இறங்குகிறார்கள். ஒரு பருவம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். ஆகஸ்டில் பழகிய முகம் ஜனவரியில் இருக்காது. அமைதியாகப் படிக்க விரும்புகிறவருக்கு வசதி. யாரையும் தெரியாமல் வந்திறங்கும் பதினெட்டு வயதுக்காரருக்கு முதல் இரண்டு மாதம் தனிமை.

எந்த வகையானாலும், முதலாமாண்டுக்காரர்களுக்கென்றே ஒதுக்கிய கட்டடம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருப்பதுபோல இங்கே வழக்கமில்லை. ஒரே மாடியில் எல்லா ஆண்டு மாணவர்களும் இருப்பார்கள். போதாக்குறைக்கு, சிங்கப்பூர் ஆண்கள் ஈராண்டு தேசிய சேவையை முடித்துவிட்டு வருகிறவர்கள். முதலாண்டிலேயே பத்தொன்பது வயதுப் பெண்ணும் இருபத்தொரு வயது ஆணும், சென்னையிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ பள்ளி முடித்த கையோடு வந்த இன்னொருவரும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பார்கள். மூத்தவர்களிடம் பழைய வினாத்தாளும், எந்தப் பேராசிரியர் எப்படி என்ற தகவலும் எளிதில் கிடைக்கும்.

வெளியே வாடகை அறை எடுப்பதென்றால் கிளமெண்டி, டோவர், வெஸ்ட் கோஸ்ட் வட்டாரங்களே முதலில் பார்க்கப்படும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அறை வாடகைக்குக் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம் வேண்டும். தனியார் வீடுகளில் மூன்று மாதம். வெளிநாட்டு மாணவருக்கு மாணவர் அனுமதி அட்டை கையில் இருக்கவேண்டும். முன்பணம், முத்திரை வரி, மின்சாரப் பங்கு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வளாகத்தைவிட மலிவாக அமைவது அபூர்வம். வீட்டுக்காரரின் விதிகளை எழுத்தில் வாங்குவது நல்லது. 'லேசான சமையலுக்கு அனுமதி' என்ற விளம்பர வரிக்குப் பல வீடுகளில் மேகி வேகவைக்கலாம் என்றே பொருள். கடுகு தாளித்தால் கதவு தட்டப்படும்.

அறைக்குள் வந்தால் முதல் கேள்வி குளிர்சாதனம். பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிக்குள் இருக்கும் ஊரில் பெரும்பாலான மாணவர் அறைகளில் விசிறி மட்டும்தான். குளிர்சாதன அறைக்கு வாடகை கூடுதல். ஓடும் மின்சாரத்துக்குத் தனியே பணம் போட்டு வைக்கும் முறையும் உண்டு. பிற்பகல் வெயில் விழும் மேற்குப் பக்கத்து அறையில் இரவு பத்துக்கும் சுவர் சுடும். காற்றோட்டமில்லாத அலமாரியில் விட்டுவைத்த தோல் காலணி டிசம்பர் மழைக்குப் பிறகு பச்சை பூத்துக் கிடக்கும். பல்கலைக்கழக நகரில் விரைவுச்சாலையைப் பார்த்த அறைகளில் வண்டிச் சத்தம் ஓயாது. மரங்கள் சூழ்ந்த ஹால்களில் அந்தக் குறை இல்லை. பதிலுக்கு ஐந்தரை மணிக்கே குயில் கத்தத் தொடங்கும். கவிதையில் அதன் குரல் இனியது. தேர்வு வாரத்தில் கேட்டவர்கள் வேறு சொல்கிறார்கள்.

ஹால்களில் இரட்டை அறை உண்டு. அது பெரும்பாலும் புதியவர்களுக்கே வந்து சேரும். வாடகை குறைவு. விளக்கணைக்கும் நேரம், நண்பர்களை அறைக்கு அழைப்பது, விசிறியின் வேகம் ஆகிய மூன்றையும் முதல் வாரத்திலேயே பேசி வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் பாதி குறையும். பொதுக் குளியலறை ஏறக்குறைய எல்லா வகைக்கும் பொது.

ஹாலிலும் உறைவிடக் கல்லூரியிலும் காலை, இரவு உணவுக்கான கட்டணம் வாடகையோடு கட்டாயமாகச் சேரும். மதிய உணவு சேராது. சைவத்துக்கும் ஹலாலுக்கும் தனி வரிசை இருக்கும். முழுச் சைவக்காரருக்குப் பிரச்சினை உணவு கிடைக்காமல் போவதல்ல, சுற்றிச்சுற்றி அதே டோஃபுவும் காளானும் வருவது. மாலை வகுப்பு, பயிற்சி என்று நேரம் தவறினால் கட்டிய சாப்பாடு போனதுதான்; பணம் திரும்பாது. வாரத்தில் மூன்று இரவு வெளியே சாப்பிடுவேன் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு ரெசிடன்ஸ் கணக்கு ஒத்துவரும்.

விண்ணப்பத்தின் காலமும் வகைக்கு வகை மாறுகிறது. உறைவிடக் கல்லூரிகள் சிறு கட்டுரைகளைக் கேட்கும், நேர்காணலும் இருக்கலாம். எனவே பல்கலைக்கழகச் சேர்க்கையோடு ஒட்டியே அதை முடிக்கவேண்டும். ஹால் விண்ணப்பத்தில் பள்ளிக்கால விளையாட்டும் கலையும் பேசும். இடம் கிடைக்காமல் போகலாம் என்பதையும் எண்ணி வரிசை கொடுக்கவேண்டும். இதற்கு மாறாக, ஜூரோங் பக்கத்தில் உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவருக்கு விடுதி உறுதி என்ற வழக்கம் நெடுநாளாக உண்டு. ஊரின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் அது அங்கே அவசியமும்கூட.

கட்டணம் பருவ நாட்களுக்கு மட்டுமே. மே மாதத் தேர்வு முடிந்ததும் அறையைக் காலி செய்யவேண்டும்; விடுமுறையில் தங்குவதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். உள்ளூர் மாணவருக்கு அப்பாவின் காரில் ஒரு நடை போதும். வெளிநாட்டு மாணவர் சோறாக்கும் மின்பானை, மேசை விளக்கு, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் பெட்டிகளில் கட்டி, கிளமெண்டியில் வீடுள்ள நண்பர் ஒருவரைத் தேடிப் போகிறார்.